ஒன்பதாம் பக்கத்தில் ஒரு முழங்கால்

1997ஆம் ஆண்டு சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு, பாடசாலை மாணவர்களுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதைத் தேசிய உடலறிவு நிலையம் கண்டுபிடித்தது. அதுவரை அவர்களுக்குத் தலை ஒன்றும், பரீட்சை எழுத வலது கை ஒன்றும், ரியூசனுக்கு நடந்துபோகக் கால் இரண்டும் மட்டுமே உண்டு என்று நாமெல்லாம் நம்பியிருந்தோம். கண்டுபிடிப்பு பதினேழு பக்கச் சுற்றறிக்கையாக மூன்று மொழிகளிலும் அச்சாகியது. தமிழ்ப் பிரதி வழக்கம்போல மூன்று கிழமை பிந்தி வந்தது.

சுற்றறிக்கையின் சாரம் இவ்வளவுதான்: உடலைப் பயன்படுத்துவதற்கு முன்னர் மனிதன் அதை வாசிக்கப் பழக வேண்டும். வாசிக்கத் தெரியாதவன் கையில் புத்தகத்தைக் கொடுக்கலாகாது. ஆகவே, உடலறிவுச் சான்றிதழ் பெறாத உடற்கல்வி ஆசிரியர் எவரும் இனிமேல் எந்த மாணவரையும் ஓடவோ, பாயவோ, எறியவோ விடக்கூடாது. கையில் புத்தகமே இல்லாதவன் எப்படி வாசிக்கப் பழகுவான் என்று கேட்பதற்குச் சுற்றறிக்கையில் இடம் விடப்படவில்லை.

இந்தச் சுற்றறிக்கை கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ப் பாடசாலையின் பி.ரி. மாஸ்டரான நவரத்தினத்தின் கைக்கு வந்தபோது, அவர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். ஐந்து வருடத்துக்குப் பிறகு போடுகிற கோடு. அந்த ஐந்து வருடமும் மைதானம் நிறைய, துறைமுகப் பக்கத்தில் பிடிபட்ட லொறிகளும் வான்களும் நின்று துருப்பிடித்துக்கொண்டிருந்தன. பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே உள்ள நடையிலும் படியிலும் ஓடி, அதற்கு அடியும் வாங்கினார்கள். மாசி மாதத்தில் ஒருநாள் யாரோ ஏலத்தில் எடுத்து எல்லா வாகனங்களையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கே அதிபர் சரோஜினிதேவி, ஆடி இருபத்தாறாம் திகதி சனிக்கிழமை இல்ல விளையாட்டுப் போட்டி என்று அறிவித்துவிட்டார்.

முந்நூற்றெண்பது பிள்ளைகளும் நாள் எண்ணினார்கள். அவர்களில் பழனியம்மாவுக்கு மட்டும் எண்ணுவதற்கு வேறொரு காரணமும் இருந்தது. கொச்சிக்கடைப் பண்டகசாலை ஒன்றில் மூட்டை தூக்குகிறவரின் மகள். பதினைந்து வயது. லொறிகளுக்கிடையில் வளைந்து வளைந்து ஓடிப் பழகியதால், நேராக ஓட இடம் கிடைத்தபோது அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. பாடசாலைப் போட்டியில் முதலாவதாக வந்தால் வலயப் போட்டிக்குப் போகலாம். அடுத்த வருடம் அந்தப் பிரிவுக்கு வயது கூடிவிடும். பெயர்கள் ஆடி மாத முடிவுக்குள் போய்ச் சேர வேண்டும், அதில் சான்றிதழ் பெற்ற ஆசிரியர் ஒப்பமிட வேண்டும். சான்றிதழ் பெற்ற ஆசிரியர் என்று ஒருவர் கொட்டாஞ்சேனையிலிருந்து மருதானை வரை எங்குமே இருக்கவில்லை.

ஆறு கிழமைதானே, போய்ப் படித்துவிட்டு வாருங்கள் என்று அதிபர் சொன்னார். பயிற்சி என்றால் ஓடவும் பாயவும் சொல்வார்கள் என்று எண்ணி, நவரத்தினம் தன்னுடைய கன்வஸ் சப்பாத்துக்கு வெள்ளை பூசி வெயிலில் காயவைத்தார். ஐம்பத்தொரு வயதில் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் அவரும் மனைவி நாகேஸ்வரியும் வாடகைக்கு அனெக்ஸ் எடுத்து இருந்தார்கள். முதல் மூன்று நாள் விடியற்காலையில் எழும்பி அறைக்குள்ளேயே நின்ற இடத்தில் ஓடிப் பார்த்தார். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன சத்தம் என்று கேட்டதும், நாகேஸ்வரி, மனுசனுக்கு வயித்துக்குள்ள குழப்பம் என்று சொல்லி அனுப்பினாள். வெள்ளவத்தையில் ஒரு தமிழன் காரணமில்லாமல் ஓடுகிறான் என்று சொல்வதைவிட அது பாதுகாப்பான பதில்.

நிலையம் நுகேகொடைச் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு கட்டிடத்தின் நாலாம் மாடியில் இருந்தது. பாதுகாப்புக் காரணத்துக்காகப் படிக்கட்டைப் பூட்டியிருந்தார்கள். முப்பத்துநாலு உடற்கல்வி ஆசிரியர்களும் லிஃப்டில் ஏறினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பை, ஒரு தொப்பி, ஒரு ரீசேட் கிடைத்தது. ரீசேட்டில் ஒரு மனிதன் ஓடிக்கொண்டிருந்தான். ஆறு கிழமையிலும் அந்தக் கட்டிடத்துக்குள் ஓடிய ஒரே ஆள் அவன்தான்.

பணிப்பாளர் கலாநிதி அருமைநாயகம் தொடக்கவுரை நிகழ்த்தினார். ஆள் நல்ல நிறையான மனிதர். சேட்டுப் பொக்கற்றுக்குள் நிலையத்தின் வட்ட முத்திரையும் மைப்பெட்டியும் எப்போதும் இருக்கும், யாரையும் நம்பி மேசையில் வைக்கமாட்டார். அவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னதை நவரத்தினம் தன்னுடைய குறிப்புக் கொப்பியின் முதல் பக்கத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்.

"ஓடுவது வேறு, ஓட்டத்தை அறிவது வேறு. நான் ஓடி இருபது வருடமாகிறது. ஆனால் ஓட்டத்தைப் பற்றி என்னளவுக்கு அறிந்தவர் இந்தப் பிராந்தியத்தில் இல்லை. நான் ஓடிக்கொண்டிருந்திருந்தால், இவ்வளவையும் அறிய எனக்கு நேரம் கிடைத்திருக்குமா?"

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு ரோல்ஸும் பிளேன்ரீயும் வந்தன.

முதலாம் கிழமைப் பாடம் 'நிற்றல்'. அதை ஐந்து நாளும் இருந்துகொண்டு படித்தார்கள். இரண்டாம் கிழமை 'மூச்சு'. மூச்சை உள்ளே எடுப்பது திங்கள், செவ்வாய், வெளியே விடுவது வியாழன், வெள்ளி. புதன்கிழமை பௌர்ணமிப் போயா விடுமுறை. மாணவர் சுகாதாரம் பற்றிய விரிவுரையில், பிள்ளைகள் ஒரு நாளைக்கு எட்டுக் கோப்பை தண்ணீர் குடிக்க வேண்டும் என்று இரண்டரை மணித்தியாலம் விளக்கினார்கள். எங்கள் பாடசாலையில் குழாய் ஒன்றுதான், அதிலும் பத்து மணிக்குப் பிறகு தண்ணீர் வராது, என்ன செய்யலாம் என்று நவரத்தினம் கேட்டார். அது பொறியியல் சார்ந்த கேள்வி என்று விரிவுரையாளர் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் கிழமை 'ஓட்டம்' வந்தது. நவரத்தினம் கன்வஸ் சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனார். ஆனால் நாலாம் மாடியில் ஓட இடமில்லை. தெருவில் ஓடுவதோ நாட்டு நிலைமையில் நினைக்கவும் கூடாத காரியம். ஆகவே நிலையம் 'விரல் ஓட்டம்' என்ற முறையை வகுத்திருந்தது. மேசையில் கோடு கீறி, ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் கால்களாக வைத்து ஓட வேண்டும். மேசையின் ஒரு நீளம் நூறு மீற்றர். கலாநிதி மணிக்கூட்டைப் பிடித்தார். மருதானையில் படிப்பிக்கிற றஸ்மியா ரீச்சர் முதலாவதாக வந்தார். நவரத்தினத்தின் நடுவிரல் பக்கத்துக் கோட்டுக்குள் கால் வைத்துவிட்டதால் அவர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார்.

"ஒங்கட விரலுக்கு வயசு பெய்த்து, மாஸ்டர்" என்று றஸ்மியா ரீச்சர் மெதுவாகச் சொன்னார். "நான் வீட்டில அரிசி பொறுக்கிப் பழகினது. அதுதான் இந்த வேகம்."

தடைதாண்டலில் ஒருவருக்கு விரல் சுளுக்கிக்கொண்டது. முதலுதவிப் பாடத்தைச் செய்முறையாக நடத்தக் கிடைத்த அந்த வாய்ப்பைக் கலாநிதி மனம் நெகிழ்ந்து பாராட்டினார்.

அந்தக் கிழமையிலேயே 'உடலறிவுப் பதிவேடு' கொடுக்கப்பட்டது. அறுபத்துநாலு பக்கம், மூன்று மொழி, அட்டையில் அரச இலச்சினை. ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்று நிரப்ப வேண்டும். அதற்குமுன் ஆசிரியர் தன்னுடைய உடலைத் தானே வாசித்து நிரப்பிப் பழக வேண்டும். இரண்டாம் பக்கத்தில் ஒரு மனித உருவம், அதற்கு அம்புக்குறியும் இலக்கமும். ஒன்பதாம் பக்கத்தின் தலைப்பு 'தழும்புகளும் அவற்றின் வரலாறும்'. இடம், திகதி, காரணம் என்று மூன்று நிரல்கள். நவரத்தினம் உண்மையான ஆள். 'இடது முழங்கால். 1964. தடைதாண்டல் போட்டியில் மூன்றாவது தடை' என்று மூன்று மொழியிலும் எழுதினார். கலாநிதி பொக்கற்றுக்குள்ளிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார்.

இனி ஒரு விசயம் சொல்ல வேண்டும். கொழும்பில் உடலை வாசிக்கத் தெரிந்தவர் இல்லையென்று நிலையத்துக்கு யார் சொன்னதோ தெரியாது. அந்த வருடங்களில் ஒவ்வொரு சந்தியிலும் சோதனைச் சாவடி போட்டு, அதில் பண்டிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டையில் கண்டால், காற்சட்டையை உயர்த்து, முழங்காலைக் காட்டு, முழங்கையைத் திருப்பு என்பார்கள். தழும்பு கண்டால் அது எங்கே, எந்தக் காட்டில், எந்தப் பயிற்சியில் வந்தது என்று கேட்பார்கள். பிள்ளை விழுந்துவிட்டால் வேறு ஊர்த் தாய்மார் நோகுதோ என்று கேட்பார்கள், கொழும்புத் தமிழ்த் தாய்மார் தழும்பு வருமோ என்று கேட்டார்கள். விளையாட்டுப் போட்டிக்குச் சம்மதக் கடிதம் அனுப்பியபோது முந்நூற்றெண்பது பெற்றோரில் பதினாலு பேர்தான் கையெழுத்து வைத்திருந்தார்கள். அதில் ஒன்று பழனியம்மாவின் தகப்பன் வைத்தது.

நவரத்தினத்தின் முழங்காலோ ஏழு வருடமாகச் சாவடிகளில் பிரசித்தம். தடையைத் தாண்டியபோது வந்த காயம் என்று, ஒரு தடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, சிங்களத்தில் விளங்கப்படுத்துவது இலேசான காரியமில்லை. எப்படியும் ஒவ்வொரு முறையும் முக்கால் மணித்தியாலம் போகும்.

அன்று நுகேகொடையிலிருந்து திரும்பி வரும்போது பாலத்தடிச் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். சாவடிச் சார்ஜன் பையைத் திறந்து பதிவேட்டை எடுத்தார். இரண்டாம் பக்கத்து மனித உருவத்தையும் அம்புக்குறிகளையும் இலக்கங்களையும் கண்டதும் அவருடைய முகம் மாறியது. "மே மொகக்த?" என்றார். இது என்ன என்ற அந்தக் கேள்விக்கு, இது நான்தான் என்பதைத் தவிர நவரத்தினத்துக்கு வேறு பதில் தெரியவில்லை. சார்ஜன் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போய் ஒன்பதாம் பக்கத்தில் நின்றார். வாசித்தார். காற்சட்டையை உயர்த்தச் சொல்லி, குனிந்து முழங்காலைப் பார்த்தார். மீண்டும் பக்கத்தைப் பார்த்தார். இடம் சரி, காரணம் சரி, இலச்சினை சரி, வட்ட முத்திரையும் சரி. பேனையால் சின்னதாக ஒரு சரி போட்டுவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நவரத்தினம் ஏதோ பிழை நடந்துவிட்டது என்று எண்ணி அங்கேயே நின்றார். கொண்டக்டர்தான் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினான்.

கதை அன்று பின்னேரமே ஒழுங்கை முழுவதும் போய்விட்டது. அடுத்த நாள் அனெக்ஸ் வாசலில் ஆட்கள் நின்றார்கள். ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்டர் நமசிவாயம் நாடியில் இருந்த வெட்டைக் காட்டினார், சவரம் செய்யும்போது வந்ததாம். ஒருவரை மாடு இடித்திருந்தது. ஒருவர் அப்பென்டிக்ஸ் ஒப்பரேசன். மேல்மாடி இரத்தினம்மா சேலைத் தலைப்பை விலக்கி முன்கையை நீட்டினாள்.

"தம்பி, இது தோசைக்கல்லு சுட்டது எண்டு வடிவா எழுதும். நான் சொன்னால் அவங்கள் நம்பிறாங்களில்லை. கவுண்மேந்து சொன்னால் நம்புவாங்கள்."

இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான புத்தகம் என்று நவரத்தினம் சொல்லிப் பார்த்தார். நாகேஸ்வரி கேட்கவில்லை. அவள் ஆட்களை வரிசையில் நிற்பாட்டினாள், முழங்கால் ஒரு பக்கம், முழங்கை ஒரு பக்கம், மற்றவை மாமரத்தடியில். "ஏழு வருசமாய் நீங்கள் சாவடியில நிண்டதுக்கு நான்தானேப்பா சோத்தை மூடி வைச்சுக்கொண்டு இருந்தனான். இந்தச் சனத்தின்ர வீட்டிலயும் சோறு ஆறித்தானே கிடக்கும்" என்றாள். அவர் பாடசாலைக்கென்று கிடைத்த பதிவேடுகளை எடுத்து, இருந்து எழுதினார்; காலையில் கட்டாகக் கொண்டுபோய் நீட்ட, கலாநிதி பெயரைப் பாராமலே முத்திரை குத்தினார்.

பிள்ளைகளின் பெற்றோரும் வந்தார்கள். விழுந்தாலும் புத்தகத்தில் எழுதி முத்திரை குத்தித் தருவார்கள் என்று தெரிந்ததும், முந்நூற்றெண்பது சம்மதக் கடிதமும் ஒரே கிழமையில் வந்து சேர்ந்தன. நவரத்தினத்துக்குத் தலைகால் புரியாத சந்தோசம்.

இவ்வளவும் நிலையத்துக்குத் தெரியவந்தபோது கலாநிதி அதிர்ந்துதான் போனார். பிறகு யோசித்தார். தமிழ் மக்கள் திடீரென்று உடலறிவில் இத்தனை ஆர்வம் கொண்டதற்குக் காரணம் தன்னுடைய சுற்றறிக்கைதான் என்ற முடிவுக்கு வந்தார். மேலும் பதினோராயிரம் பிரதி அச்சிட்டார். வெளிநாட்டிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர் வந்து வரிசையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மூன்று கிழமைக்குள் எல்லாச் சாவடியிலும் பதிவேடு பிரபலமாகிவிட்டது. அதன் பலன், இப்போது அடையாள அட்டைக்கு முன் "கோ பொத்த?" என்று கேட்கத் தொடங்கினார்கள். புத்தகம் எங்கே என்று கேட்டால், தழும்பே இல்லாதவனும் புத்தகம் காட்ட வேண்டியிருந்தது. புத்தகம் இல்லாதவனைத் தழும்பை மறைக்கிறான் என்று பிடித்து இருத்தினார்கள்.

ஒரு திட்டம் பயன்படத் தொடங்கினால் அதை ஒழுங்குபடுத்த வேண்டுமல்லவா? நிலையம் இரண்டு புது விதிகளைக் கொண்டுவந்தது. ஒன்று, இனிமேல் ஒன்பதாம் பக்கத்தில் சான்றிதழ் பெற்ற ஆசிரியர் மட்டுமே ஒப்பமிடலாம். சான்றிதழ்களை ஒவ்வொரு பாடசாலைப் போட்டியின் முடிவிலும் பணிப்பாளர் நேரில் வந்து, மேடையில் வைத்து ஒப்பமிட்டுக் கொடுப்பார்; அதுவரை பயிற்சி முடித்தவர் போட்டியை நடத்தலாம், ஒப்பமிடக்கூடாது. இரண்டு, தழும்புகளைத் திட்டமிட்ட அடிப்படையில் முகாமை செய்யும் பொருட்டு, விளையாடும்போது விழ உத்தேசித்துள்ள மாணவர் பதினாலு நாட்களுக்கு முன்னர் படிவம் 9-அ மூலம் விண்ணப்பிக்க வேண்டும். எந்தக் கால், எத்தனை அங்குலம், எந்த நிகழ்ச்சி என்று குறிப்பிட வேண்டும்.

நவரத்தினம் முந்நூற்றெண்பது படிவத்தையும் வகுப்பு வகுப்பாகப் போய் நிரப்பினார். சாக்கோட்டக்காரர் எல்லோரும் இரண்டு முழங்காலையும் கேட்டார்கள். பழனியம்மா மட்டும் 'விழமாட்டேன்' என்று எழுதியிருந்தாள். பதில் முழுமையற்றது என்று நிலையம் திருப்பி அனுப்பிவிட்டது.

"விழலன்னா என்ன சார் எழுதுறது?" என்று அவள் கேட்டாள்.

ஏதாவது ஒரு காலைப் போடு பிள்ளை என்று அவர் சொன்னார். அவள் நீண்ட நேரம் இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, இடது என்று எழுதினாள்.

போட்டி நாள் வந்தது. கூட்டம் கூடுவதற்குப் பொலிஸ் அனுமதி காலை எட்டிலிருந்து பகல் பன்னிரண்டு வரை. பன்னிரண்டு அடித்தால் மைதானம் காலியாக வேண்டும். எட்டரைக்கே நூறு மீற்றர்ப் பெண்கள் எட்டுப் பேரும் கோட்டில் நின்றார்கள். அந்த மைதானத்தில் நேராக நூறு மீற்றர் கிடையாது, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு வளைவு எடுக்க வேண்டும். கலாநிதி ஒன்பது நாற்பதுக்கு வந்தார். கொடியேற்றம், மங்கல விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை. பத்தரைக்கு இன்னொரு வாழ்த்துரை. பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள். மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள், ஆனால் முழங்காலில் விழாதபடியால் அது கணக்கில் வரவில்லை. பதினொன்று ஐந்துக்குக் கலாநிதி எழும்பினார்.

உடல் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்கினார். பதினொன்று இருபதுக்குக் கிரேக்க தேசத்தில் நின்றார். பதினொன்றரைக்கு இந்தியாவுக்கு வந்தார். நவரத்தினம் மணிக்கூட்டைப் பார்த்தார், அதிபரைப் பார்த்தார். அதிபர் நிலத்தைப் பார்த்தார். பழனியம்மா கோட்டில் குந்தியிருந்து மூன்று மணித்தியாலம்.  இந்தப் பிள்ளை இனி எப்போது ஓடுவாள் என்று நினைத்தபோது நவரத்தினத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"இவ்வளவு பெரிய விளையாட்டுப் போட்டியில் இதுவரை ஒரு மாணவருக்குக்கூடக் காயம் ஏற்படவில்லை" என்று கலாநிதி முழங்கினார். "ஒரு விழுப்புண் இல்லை, ஒரு சுளுக்கு இல்லை. ஓட்டத்தை ஆபத்திலிருந்து முற்றாக விடுவித்திருக்கிறோம். எதிர்காலத்தில் ஓட்டத்திலிருந்து ஓடுவதையும் நீக்கிவிட்டால், நம்முடைய பணி நிறைவடையும்."

இதைச் சொல்லிவிட்டுச் சோடா குடிக்க நிறுத்தினார். மக்கள் கைதட்டினார்கள். மணி பதினொன்று நாற்பத்தாறு. உரை முடிந்துவிட்டது என்று தவறாக எண்ணி விசிலை ஊதிவிட்டதாக நவரத்தினம் பின்னர் எழுதிக்கொடுத்தார். நான் அதை நம்பவில்லை.

விசில் கேட்டதும் எட்டுப் பெண்களும் பாய்ந்தார்கள். ஐந்து வருடமாகக் காத்திருந்த மற்றப் பிள்ளைகளுக்கு அது தங்களுக்கும் ஊதியதாகவே கேட்டது. முந்நூற்றெண்பது பேரும் ஓடினார்கள். சாக்கோட்டக்காரர் சாக்கோடு ஓடினார்கள், தேசிக்காய்க்காரர் கரண்டியோடு ஓடினார்கள். யாருக்கும் எந்தத் திசை என்று தெரியவில்லை, யாருக்கும் அது தேவைப்படவுமில்லை. அப்படி ஒரு சிரிப்புச் சத்தத்தைக் கொட்டாஞ்சேனை அதற்கு முன் கேட்டிருக்காது.

ஆனால் அந்த வருடங்களில் கொழும்பில் ஒருவர் ஓடினால் ஏன் என்று கேட்பதில்லை. முதலில் ஓடுவது, கேள்வியெல்லாம் பிறகு. பிள்ளைகள் ஓடுவதைக் கண்டு பெற்றோர் ஓடினார்கள். பெற்றோரைக் கண்டு தெருவில் போனவர்கள் ஓடினார்கள். கடைக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டு ஓடினார்கள். மேடையில் மாலை போட்டிருந்த பிரமுகர்கள் மாலையோடு ஓடினார்கள். நிலையத்தின் சாரதி வாகனத்தை எடுத்துக்கொண்டு நுகேகொடை வரை நிற்காமல் போய்விட்டான். கலாநிதி அருமைநாயகம் இருபது வருடத்துக்குப் பிறகு ஓடினார். கயிற்றுக்கு மேலால் ஒரு தாண்டு, நீளம்பாயும் மணலுக்கு மேலால் இன்னொரு தாண்டு, கழிவறைப் பக்கத்து மதிலில் ஏறி அந்தப் பக்கம் விழுந்தார்.

முடிவுக்கோட்டில் நாடா பிடித்த மாணவத் தலைவர்கள் இரண்டு பேரும் பயத்தில் நாடாவோடேயே ஓடிவிட்டார்கள். பழனியம்மா விடவில்லை. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, கேற்றைத் தாண்டி, தெருவில் இறங்கித் துரத்திக்கொண்டுபோய், மூடிய கடைகளுக்கு முன்னால் நெஞ்சால் நாடாவை அறுத்தாள். நூறு மீற்றர் ஓட்டத்தில் நூற்றெழுபது மீற்றர் ஓடி முதலாவதாக வந்தாள். இரண்டாவதாக யாரும் வரவில்லை. அவள் விழவுமில்லை. நவரத்தினம் பின்னாலேயே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க, அந்த இடத்திலேயே நின்று முடிவுப் படிவத்தில் அவளுடைய பெயரை எழுதினார். ஒப்பமிடும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

ஒன்றுமே நடக்கவில்லை என்று ஊர் விளங்கிக்கொள்ள அரை மணித்தியாலம் ஆனது. அப்போது தெருவில் வாடகைக்கு ஓடுகிற ஹமீட் தன்னுடைய திரீவீலை மைதானத்துக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தினான். ஒரு பெரிய மனுசர் தன் வண்டியில் ஏறினார், சந்திச் சாவடியில் பிடித்து வைத்துவிட்டார்கள், பி.ரி. மாஸ்டரைக் கூட்டிவரச் சொன்னார் என்று சொன்னான். நவரத்தினம் கையில் அகப்பட்ட ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.

மணல்மூட்டைக்குப் பின்னால் ஒரு வாங்கில் கலாநிதி இருந்தார். காற்சட்டை கிழிந்து வலது முழங்காலில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அடையாள அட்டை வாகனத்தோடு போய்விட்டது. பதினோராயிரம் பேருக்குப் பதிவேடு கொடுத்த மனிதரிடம் தனக்கென்று ஒரு பதிவேடு இல்லை. அந்தச் சாவடியின் சார்ஜன் பொறுமையாக ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்: "அய் திவ்வே?" ஏன் ஓடினாய் என்று. ஓட்டம் பற்றிய சமகாலக் கோட்பாடுகளைக் கலாநிதி ஆங்கிலத்தில் விளக்கியிருக்கிறார். அது சந்தேகத்தைக் கூட்டியிருக்கிறது.

"மாஸ்டர், கெதியா ஒரு புத்தகத்தில எழுதும்" என்றார் கலாநிதி. முதன்முறையாக அவர் பேச்சுத் தமிழில் கதைத்தார்.

நவரத்தினம் ஃபைலிலிருந்து ஒரு புதுப் பதிவேட்டை எடுத்து ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தார். பிறகு உண்மையான கவலையோடு கேட்டார். "சேர், பதினாலு நாளைக்கு முன்னம் விண்ணப்பிச்சனீங்களோ?"

 முன்திகதி போடலாம் என்று கலாநிதி சைகையால் காட்டினார். சரி என்று பேனையை ஒருமுறை உதறிவிட்டு, நவரத்தினம் மீண்டும் நிறுத்தினார். தான் இதில் ஒப்பமிட முடியாது, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்தான் வைக்கலாம் என்பது விதி, தன்னுடைய சான்றிதழில் சேர் இன்னும் ஒப்பமிடவில்லை என்று ஞாபகப்படுத்தினார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை. விதியை மீறினால் சேருக்குத்தான் கரைச்சல் என்று மனதார நம்பினார்.

மேடையில் கொடுக்கவென்று வைத்திருந்த சான்றிதழ் ஃபைலுக்குள்ளேயே இருந்தது. கலாநிதி அதைக் காயமில்லாத முழங்காலில் வைத்து ஒப்பமிட்டார், பொக்கற்றுக்குள்ளிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார். அப்போது மணி பன்னிரண்டு ஐம்பது. மேடையில்லை, மாலையில்லை, கைதட்ட ஹமீட் ஒருவன்தான். அவன் தட்டினான்.

நவரத்தினம் முதலில் பழனியம்மாவின் முடிவுப் படிவத்தை எடுத்து, வாங்கின் நுனியில் வைத்துத் தன்னுடைய முழுப் பெயரையும் எழுதி ஒப்பமிட்டார். அதற்கும் ஒரு முத்திரை வேண்டும் என்று நீட்டினார். கலாநிதி வாசிக்காமலே குத்தினார். நவரத்தினம் அதை நாலாக மடித்துச் சேட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்ட பிறகுதான் முழங்காலுக்கு வந்தார்.

இடம், வலது முழங்கால். திகதி, 26.07.1997. காரணம் என்ற நிரலுக்கு வந்தபோது கலாநிதி சொல்லச் சொல்ல எழுதும்படி கேட்டார். "களநிலை அவதானிப்பொன்றின் போது, தவிர்க்கமுடியாத..." என்று தொடங்கினார். நிரல் ஒன்றரை அங்குலம்தான், அதை வடிவமைத்ததும் அவரேதான். சார்ஜன் சுருக்கமாக எழுதச் சொன்னார்.  நவரத்தினம் ஆறு கிழமை படித்த எல்லாவற்றையும் ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தார். பிறகு மூன்று மொழியிலும், எழுத்துப் பிழையில்லாமல், ஒரே வரியை எழுதினார்.

'ஓடத் தெரியாமல் ஓடியது.'

சார்ஜன் வாசித்தார். குனிந்து முழங்காலைப் பார்த்தார், நிமிர்ந்து கலாநிதியை மேலும் கீழும் பார்த்தார். இது முழுக்க நம்பக்கூடியதாக இருக்கிறது என்று தலையாட்டினார். ஆனால் முத்திரை இல்லாமல் விடமுடியாது என்றார்.

கலாநிதி அந்த வரியை மூன்று மொழியிலும் ஒவ்வொன்றாக வாசித்தார். பின்னர் மைப்பெட்டியைத் திறந்து, தன் கையாலேயே, நன்றாக அழுத்தி முத்திரையைக் குத்தினார்.